மிதக்கும் இறகுக்கு நேரம் சொன்னவன்

மணலும் உடைமுள்ளும் தவிர வேறொன்றும் முளைக்காத மேட்டில் ஃபைபர் படகு கட்டும் கொட்டகை போட்டவன் நான். தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரே சிரித்த இடத்தில் கிணறு எடுத்து, நல்ல தண்ணீர் கண்டு, அதை நம்பி ஐஸ் பிளான்ட் வைத்தவன் நான். புயல் வந்து கொட்டகைத் தகரத்தைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக் கடலில் போட்டது. அதே தகரத்தை இழுத்து வந்து, காலால் மிதித்து நிமிர்த்தி, மறுபடி வேய்ந்தேன். கரையில் படகு ஏற்றுவதற்கு இன்று எல்லோரும் பயன்படுத்துகிற சிமெண்ட் சரிவு என் கையால் பூசியது. கொத்தனார் வைக்கவில்லை. மூன்று பெண்பிள்ளைகளைக் கல்லூரி வரைக்கும் அனுப்பினேன். எனக்கு மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. வறுமையால் நின்றேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் எதற்கும் எவனும் பங்கு கேட்டு வந்ததில்லை. கிணற்றை எங்கள் முன்னோர் வெட்டியது என்று யாரும் சொன்னதில்லை. ஐஸ் பிளான்ட் எங்கள் பரம்பரைச் சொத்து என்று யாரும் மைக்கில் பேசியதில்லை. இவை எல்லாவற்றையும் விடச் சின்னதாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எழுதும்போதே வாயில் கசப்பு ஊறுகிறது.

இந்தப் புத்தகத்தைத் தட்டச்சு செய்து தருவது என் மூத்த மகள். நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தவள், இந்த இடத்தில் கையை எடுத்துவிட்டாள்.

"இதையும் போடணுமாப்பா?"

"இதைப் போடுறதுக்குத்தான் மத்ததை எல்லாம் எழுதுனேன்."

"அப்படின்னா ஒருத்தர் பேரும் வரக் கூடாது. நான் இந்த ஊர்லதான் குடும்பம் நடத்தணும்."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அவளுக்கும் சங்கடம்தான். வரப்போகிற கதையில் அவள் புருஷனும் இருக்கிறான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கடலில் இறகுத் தூண்டில் புதிதில்லை. தூண்டில் முள்ளில் வெள்ளை இறகைக் கட்டி, ஈயக்குண்டு கோத்து, படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். தண்ணீருக்குள் அது நெத்திலி ஓடுவது போல ஓடும். பாறை மீன் ஏமாந்து கவ்வும். என்னைப் பெற்ற அய்யா அப்படித்தான் பிடித்தார். அதை நான் கண்டுபிடித்ததாக எங்கேயும் சொல்லவில்லை. அடுத்தவன் உழைப்பை என்னது என்று சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. நான் சொல்வது தண்ணீருக்கு மேலே மிதக்கிற இறகு.

கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் வடகடலில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தீவுக்குத் தெற்கே ஒரு கடல், வடக்கே ஒரு கடல். கச்சான் காற்று தென்மேற்கில் இருந்து அடிக்கிற மாதங்களில் தென்கடல் குமுறும், வடகடல் அடங்கிக் கிடக்கும். அன்றைக்குக் காற்றும் சுத்தமாக விழுந்துவிட்டது. இழுத்து வந்த தூண்டிலில் ஈயக்குண்டு முடிச்சு அவிழ்ந்து கழன்று போயிருக்கிறது. இறகு மட்டும் மேலே மிதந்து வந்தது. ஈயம் போன எரிச்சலில் திட்டிக்கொண்டே தூண்டில் நரம்பைச் சுருட்டினேன். அந்த நேரம் தண்ணீர் வெடித்தது. வெடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். பாறை மீன் ஒன்று அடியில் இருந்து நேராக ஏறி, இறகை வாயில் கவ்விக்கொண்டு, உடம்பு முழுவதும் வெளியே தெரியத் திரும்பி விழுந்தது. நரம்பு என் விரலை அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. கேட்டால் காட்டுவேன்.

மறுநாளே இறகை மிதக்க வைக்கிற வேலையில் இறங்கினேன். தேய்ந்த ரப்பர் செருப்பில் விரல்நகம் அளவு துண்டு வெட்டி முள்ளின் முதுகில் கட்டினேன். அதைச் சுற்றி வெள்ளைச் சேவலின் கழுத்து இறகு. இறகு நனைந்தால் அமிழ்ந்துவிடும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். சேவல் என் மனைவி வளர்த்தது. எண்ணெய் அவள் தலைக்கு வைத்திருந்தது.

"சேவலை உயிரோட மொட்டை போட்டுட்டு வந்து நிக்கிறீகளே, இது நல்லாருக்கா?" என்றாள். "எண்ணெய்க் குப்பியையும் காணோம். மீனுக்குச் சடை பின்னிவிடப் போறீகளா?"

மிதக்கிற இறகு தயார். மீன்தான் வரவில்லை. பல நாள் வீசினேன். காலையில் வீசினேன், உச்சி வெயிலில் வீசினேன். ஒன்றும் இல்லை. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் கொக்கரிக்க ஆரம்பித்தார்கள். அதில் முதல் குரல் என் வயதுச் சோட்டுக்காரன் ஒருவனுடையது. அன்றைக்கு என்னைப் போல ஒற்றைப் படகுக்காரன், இன்றைக்கு ஊர்த் தலைவர்.

"என்ன மாப்ள, தூண்டி மீனுக்கா, கோழிக்கா? முட்டை கிட்டை இட்டுச்சுன்னா சொல்லு, ஆம்லெட் போடுவோம்."

அய்யா கேலி பேசவில்லை. கோபப்பட்டார். "ஏலே, மீனு அடியில மேயுது. நீ ஆகாசத்துல தூண்டி போட்டுக்கிட்டுத் திரியிற. நாலு பேரு சிரிக்கிறது ஒனக்கு ஒறைக்கலையா?" என்று துடுப்பை எடுத்து வீசினார். விலகினேன், படகில் பட்டது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், முன்னோர் காட்டிய வழி என்று பிறகு வரப்போகிற பேச்சை நீங்கள் படிக்கும்போது அந்தத் துடுப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இறகு கட்டுவது கண்டுபிடிப்பு இல்லை. செருப்புத் துண்டும் கண்டுபிடிப்பு இல்லை. கை உள்ள எவனும் கட்டுவான். எப்போது அதைப் போட வேண்டும், எப்போது சுருட்டி வைத்துவிட்டு ஈயத் தூண்டிலுக்கு மாற வேண்டும், அதுதான் விஷயம். அதைக் கண்டவன் நான்.

முதலில் பறவையைப் பார்த்துக் கற்றேன். ஆலா என்று ஒரு வெள்ளைப் பறவை எங்கள் கடல் மேல் சுற்றும். அது தலைகீழாகத் தண்ணீருக்குள் பாய்ந்தால் பொடிமீன் ஆழத்தில் நிற்கிறது என்று அர்த்தம். பாறையும் அங்கேதான் நிற்கும். அப்போது மிதக்கிற இறகு வீண், ஈயத்தைக் கட்டு. அதே ஆலா பாயாமல், தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டு போனால் பொடிமீன் மேலேயே துள்ளுகிறது. பாறை கீழே இருந்து விரட்டுகிறது. அப்போது இறகைப் போடு.

இரண்டாவது காற்று. அலை சுருங்கி, தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்க வேண்டும்.

இந்த இரண்டும் சரியாக இருந்தும் பாதி நாள் வெறுங்கையோடு வந்தேன். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது என்ன என்று மண்டை காய்ந்தேன். அப்போது விசைப்படகுக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் கடலில் ஏற்பாடு என்னவென்றால், பெரிய விசைப்படகு ஒரு நாள் போகும், எங்கள் நாட்டுப்படகு மறுநாள் போகும். வலைக்குத்தான் அந்த முறை; தூண்டிலோடு நான் எல்லா நாளும் போவேன். வேலைநிறுத்தத்தில் விசைப்படகு மொத்தமும் நங்கூரத்தில் கிடந்தது. அந்த நாட்களில் சாயங்காலம் தவறாமல் பாறை என் இறகை அடித்தது. வேலைநிறுத்தம் முடிந்து அவர்கள் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். அவர்கள் திரும்பிய அன்று காலை, காற்றும் ஆலாவும் சரியாக இருந்தும், ஒன்றுகூட அடிக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. விசைப்படகின் வலை அடிச்சேற்றைக் கிளறிவிடுகிறது. கலங்கின தண்ணீரில் கீழே நிற்கிற மீனுக்கு மேலே மிதக்கிற இறகு தெரியாது. சேறு படிய அரை நாளுக்கு மேல் வேண்டும். ஆகவே விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கிற நாளில், காற்று விழுந்த சாயங்காலத்தில், ஆலா தொட்டு எடுக்கிறபோது. மூன்றும் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் இறகை வெளியே எடுக்காதே.

அய்யாவிடம் சொன்னேன். "கடலுக்கு வெளக்கம் சொல்ல வந்துட்டான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் கடைசி வரைக்கும் ஈயக்குண்டுதான் கட்டினார்.

பிறகு படகுக் கொட்டகை, ஐஸ் பிளான்ட் என்று என் காலம் ஓடியது. சாயங்காலத்தில் மனசு தோன்றினால் போய் இறகு வீசுவேன், ஒன்றிரண்டு கொண்டு வருவேன். ஊரில் எவனும் கற்றுக்கொள்ள வரவில்லை. வலை வைத்திருப்பவனுக்கு இது வேலையற்ற வேலை.

மூத்த மருமகன் வளைகுடாவில் இருந்து திரும்பி வந்தபோதுதான் இதற்கு உயிர் வந்தது. அவனுக்கு நான் கட்டிக்கொடுத்த ஃபைபர் படகில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு மீன்பிடி சவாரி போக ஆரம்பித்தான். சென்னையில் இருந்து வருவார்கள், பெங்களூரில் இருந்து வருவார்கள். கையில் ஆளுக்கு ஒரு தூண்டில் கம்பு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முகத்தில் வெயிலுக்குப் பூசிய வெள்ளைச் சாந்து. இரண்டு மூன்று தடவை கூடப் போனேன். பார்க்கச் சகிக்கவில்லை. ஒருவன் காலையில் தின்ற இட்லியைப் படகுக்குள்ளேயே கக்கினான். இன்னொருவன் அதன் மேல் செருப்போடு நின்றுகொண்டு செல்ஃபி எடுத்தான். பிடித்த மீனை முத்தமிடுகிறார்கள். சட்டையோடு சேர்த்துக் குழந்தையைப் போல அணைக்கிறார்கள். படம் எடுத்து முடிக்கும் வரைக்கும் அது வெயிலில் வாயைப் பிளந்து சாகிறது. பிறகு 'போய் வா' என்று தண்ணீரில் விடுகிறார்கள். அது வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்து போகிறது. இவர்கள் கை தட்டுகிறார்கள். தின்பதற்குப் பிடித்தவன் நான். தின்னாமல் கொல்வதற்கு இவ்வளவு கும்மாளமா?

நல்ல உச்சி வெயிலில், கச்சான் சீறிக்கொண்டிருக்கும்போது மிதக்கிற இறகை வீசுவார்கள்.

"இப்ப போட்டா ஒன்னும் அடிக்காதுன்னு சொல்லுங்க மாப்ள."

"மாமா, அவங்களுக்கு மீனு வேணாம். வீசணும். அவ்வளவுதான்."

மருமகன் சொன்ன அந்தப் பதில் எனக்கு வாந்தியை விட மோசமாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி. மலையில் தேயிலைத் தோட்டத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சாந்து பூசவில்லை, கத்தவில்லை. படகில் ஏறியதும் என்னிடம் முதலில் கேட்டார்: "ஐயா, இதை எப்பப் போடணும்?"

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. எங்கே போட வேண்டும், எவ்வளவு பெரிய மீன் வரும் என்று கேட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். எப்போது என்று கேட்ட முதல் மனிதர் அவர்.

பையில் இருந்து ஒரு தகர டப்பா எடுத்தார். உள்ளே கொசு போல, ஈ போல, சின்னச் சின்ன இறகு முள். மலை ஆற்றில் டிரவுட் என்று ஒரு மீன் இருக்கிறதாம். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டதாம். அதற்குப் போடுகிற பொய்ப்பூச்சி. நனையாமல் தண்ணீர் மேல் மிதக்க வேண்டும், அதற்கென்று எண்ணெய் தடவுவார்களாம்.

"டிரவுட் எப்பவும் மேலே வந்து சாப்பிடாது ஐயா. பெரும்பாலும் அடியிலதான். பூச்சி பறந்து வந்து தண்ணி மேல இறங்குற நேரம் ஒன்னு வரும். மீன் மூக்கை நீட்டி வட்டம் வட்டமா எடுக்கும். அப்பதான் இந்த மிதக்குற பூச்சி. மத்த நேரத்துல இதைப் போடுறவன் ஆத்தைப் பார்க்கத் தெரியாதவன்."

"மழை பேஞ்சு ஆறு கலங்குனா?"

"கலங்குனா இதை எடுக்கவே கூடாது. மேலே இருக்கிறது அதுக்குத் தெரியாதே."

அங்கேயும் அதே கணக்கு! நான் போகாத மலையில், நான் பார்க்காத மீனுக்கு, நான் கண்ட அதே நியாயம். மனிதரைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது. மூன்று அடையாளத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கூட்டிக்கொண்டு போய், சரியான சாயங்காலத்தில் காட்டினேன். பாறை வெடித்து இறகை எடுத்தபோது அவர் கம்பை நழுவவிட்டுவிட்டு, "அடடா, அடடா" என்று நின்றார். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அந்தப் பாறையைத்தான் என் மனைவி குழம்பு வைத்தாள்.

அந்தக் குழம்பு தின்றவர்தான் ஊருக்கு ஒரு அறிவிப்புப் பலகை செய்து கொடுத்தார். வருகிற வெளியூர்க்காரர்கள் முறை தெரிந்து மீன் பிடிக்கட்டும் என்று நல்ல எண்ணம். நான் பூசிய சிமெண்ட் சரிவின் தலைமாட்டில் அதை நட்டார்கள். திறப்புவிழா, பந்தல், மைக்செட். விழாவுக்கு நாள் குறித்திருப்பதை முந்தின நாள்தான் மருமகன் சொன்னான்.

"நாளைக்கு வேணாம். விசைப்படகெல்லாம் கடல்ல கெடக்கு. விடிஞ்சாத்தான் திரும்பும். தண்ணி குழம்பிக் கிடக்கும்" என்றேன்.

"மாமா, பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சு. பெங்களூர்க்காரங்க கிளம்பிட்டாங்க. பலகையைத் திறந்துட்டு சும்மா ரெண்டு வீச்சு வீசுவாங்க. பெருசா ஒன்னும் இல்ல."

காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பலகையில் என் பேர் இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. துணியை விலக்கினார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டம் கை தட்டி முடித்த பிறகும் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

'எம் முன்னோர் காட்டிய வழி' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே, மிதக்கும் இறகை வீசும் நேரம். காற்று அடங்கிய பொழுது. ஆலாப் பறவை நீரைத் தொட்டுத் தொட்டு எடுக்கும் பொழுது. அவ்வளவுதான். ஓரத்தில் கோவணம் கட்டிய ஒரு கிழவன் கட்டுமரத்தில் நிற்கிற படம்.

மலைக்காரர் மைக்கில் பேசினார். இந்தக் கடற்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த அறிவு என்றார். பெயர் தெரியாத அந்த ஞானிகளுக்கு வணக்கம் என்று கடலைப் பார்த்துக் கும்பிட்டார். பெயர் தெரிந்த நான் மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஊர்த் தலைவர், அந்தக் கொக்கரித்த ஆள், எழுந்து வந்து, "எங்க தாத்தா மடியில ஒக்காந்து நான் கத்துக்கிட்டது இது" என்றாரே பார்க்கலாம். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. பக்கத்து நாற்காலியில் சர்ச் சாமியார் இருந்ததால் விழுங்கினேன்.

மூன்றாவது அடையாளம் எங்கே? மருமகனை ஓரமாக இழுத்தேன்.

"விசைப்படகு சமாச்சாரம் எங்க மாப்ள?"

அவன் தரையைப் பார்த்தான். "முன்னோர்னு தலைப்பு போட்டுட்டு விசைப்படகுன்னு எழுதுனா இடிக்குது மாமா. அதான் எடுத்துட்டோம்."

பொய் உட்காருவதற்கு இடம் போதவில்லை என்று உண்மையைத் தூக்கி வெளியே போட்டிருக்கிறார்கள்.

அதற்குள் வந்தவர்கள் படகுகளில் ஏறிவிட்டார்கள். நானும் மருமகன் படகில் ஏறினேன். காற்று அடங்கி இருந்தது. தூரத்தில் ஆலாக்கூட்டம் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தது. பலகை சொன்ன இரண்டும் அச்சு அசலாக இருந்தன. ஆனால் தண்ணீர் டீ நிறத்தில் கிடந்தது. ஆலா எடுத்தது உயிரோடு துள்ளுகிற பொடிமீன் இல்லை. திரும்பி வந்த விசைப்படகுகள், வலையில் சிக்கி எதற்கும் உதவாமல் செத்துப்போன பொடிசுகளைக் கடலில் கொட்டியிருந்தன. நாங்கள் சங்காயம் என்போம். பாதி அழுகல். அந்த அழுகலை ஆலா கொத்திக்கொண்டிருந்தது.

"வீசாதீக" என்று கத்தினேன். அவர்கள் 'ஓ' என்று கூவிக்கொண்டு அத்தனை கம்பையும் ஒரே நேரத்தில் வீசினார்கள்.

தெளிந்த தண்ணீரில் இறகு விழுந்த மறுகணம் பாறை ஏறி வந்து எடுத்துவிடும். பறவைக்கு நேரம் கிடைக்காது. கலங்கின தண்ணீரில் கீழே இருக்கிற மீனுக்கு ஒன்றும் தெரியாது. மேலே பறக்கிற பறவைக்கு மட்டும் பழுப்பு நிறத்தின் மேல் வெள்ளை வெளேர் என்று இறகு தெரியும். ஆலா ஒன்று இறங்கி அதைக் கவ்வியது. முள் அலகின் ஓரத்தில் ஏறிவிட்டது. அது உயரே எழும்பியது. நரம்பு அதன் இறக்கையில் சுற்றிக்கொண்டது. கம்பு வைத்திருந்த இளைஞன், "பட்டம் மாதிரி போகுது, பாருங்கடா" என்று சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான். மற்றவர்கள் போனைத் தூக்கினார்கள்.

நரம்பைப் பிடித்து இழுத்துப் பறவையை மடியில் போட்டுக்கொண்டேன். பிளையரால் முள்ளின் கொக்கியை நறுக்கினேன். பயத்தில் அது தின்றதை எல்லாம் என் வெள்ளைச் சட்டையில் கக்கியது. அழுகின சங்காயம். அந்த நாற்றம் சொல்லி முடியாது. அப்போது ஒருத்தி, "அங்கிள், ஒரு செகண்ட், முகத்தை இந்தப் பக்கம் திருப்புங்க, லைட் நல்லா இருக்கு" என்றாள்.

நான் கடலில் துப்பினேன். அதையும் எடுத்திருப்பார்கள்.

ஆலாவைக் கையில் இருந்து விட்டதும் தடுமாறி எழும்பிப் பறந்தது. போய் மறுபடியும் அதே அழுகலில்தான் இறங்கியது. எனக்கு எல்லார் மேலும், எல்லாவற்றின் மேலும் அருவருப்பாக இருந்தது.

கரைக்கு வந்ததும், நாறுகிற சட்டையோடு நேரே பந்தலுக்குப் போனேன். மலைக்காரர் எழுந்து நின்றார். சேதி எனக்கு முன்னால் வந்திருக்கும், அவர் முகம் செத்துப் போயிருந்தது.

"மூணு சொன்னேன். ரெண்டு எழுதியிருக்கீக. சொன்னவன் பேரும் இல்ல."

"நீங்கதானே ஐயா, 'எங்க கடல்ல இப்படித்தான்'னு சொன்னீங்க? உங்க மக்களோட பழைய அறிவுன்னு நினைச்சேன். மரியாதையாத்தான் எழுதினேன்."

"எங்க கடல்னு சொன்னேன். எங்க தாத்தான்னா சொன்னேன்? எங்க அய்யா இதுக்காக என் மேல துடுப்பை வீசுனாரு. எங்க தாத்தா காலுல செருப்பு ஏது, வெட்டிக் கட்டுறதுக்கு? அவுக காலத்துல நைலான் நரம்பு ஏது? விசைப்படகு ஏது? அது கட்டிக் கெடக்குற நாளப் பாத்து இறகு போடச் சொல்லி எந்த முன்னோர் சொல்லியிருப்பாக?"

ஊர்த் தலைவர் என் தோளைத் தொட வந்து, நாற்றத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

"விடு மாப்ள. பேருல என்ன இருக்கு? ஊருக்குப் பெருமை வந்தா ஒனக்கு வந்த மாதிரித்தான."

"அப்படியா? ஒம் படகுல ஒம் மகன் பேரை எழுதியிருக்கியே. அதைச் சொரண்டிட்டு ஊரு பேரை எழுது. அன்னைக்கு நானும் விட்டுர்றேன்."

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

மலைக்காரர் என்னிடம் தனியாக வந்து, திருத்தி எழுதச் சொல்வதாகக் கை கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஊரில் கூடிப் பேசினார்கள். ஒருத்தன் பேரைப் போட்டால் நாளைக்கு ஆளாளுக்கு வருவான் என்றார்களாம். பெயிண்டர் வந்தான். இப்போது பலகையைப் போய்ப் பாருங்கள். மேலே அதே 'எம் முன்னோர் காட்டிய வழி'. அதே கோவணக் கிழவன். அடியில், இடம் போதாமல் இடுக்கி, 'விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டிருக்கும் நாளின் மாலையில் மட்டும்' என்று ஒரு வரி. கட்டுமரத்தில் நிற்கிற கிழவன் டீசல் படகு எப்போது வரும், எப்போது போகும் என்று பார்த்து வழி காட்டினானாம். இதைப் படித்துவிட்டு ஒருவனும் சிரிக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். என்னை அவமானப்படுத்தியது கூடப் பரவாயில்லை, இந்த மடத்தனத்தை என் சிமெண்ட் சரிவின் தலைமாட்டில் நட்டு வைத்திருக்கிறார்களே என்றுதான் குமட்டுகிறது.

மருமகன் வீட்டுக்கு வந்தான். "இனிமே ஆலாவுக்கு ஒன்னும் ஆகாது மாமா. தேவையானது வந்துருச்சுல்ல?" என்றான்.

"யாருக்குத் தேவையானது?" என்று கேட்டேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

முன்னோர் மேல் எனக்குப் பகை இல்லை. ஈயக்குண்டு கட்டி இழுத்தது அவர்கள். எழுதுங்கள், நானே சாட்சி சொல்கிறேன். சேவல் என் மனைவியுடையது, எண்ணெய் அவளுடையது. அவளுக்கும் ஒரு வரி போடலாம், என் வரிக்குக் கீழே. மலைக்காரர் பலகை கொடுத்தார், அவருக்கும் நன்றி எழுதுங்கள். மருமகன் படகு ஓட்டுகிறான், ஓட்டட்டும். மிதக்கும் இறகை எப்போது போட வேண்டும், எப்போது போடக் கூடாது என்று சிரிப்புக்கும் துடுப்புக்கும் நடுவில் நின்று கண்டவன் நான் ஒருத்தன். அந்த ஒரு பங்கு என்னுடையது. அதைச் செத்தவர்களுக்குக் கொடுப்பதற்கு உயிரோடு இருக்கிற எவனுக்கும் உரிமை இல்லை.

மகளுக்குக் கொடுத்த வாக்கின்படி இதில் யார் பேரையும் எழுதவில்லை. என் பேர் இந்தப் புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது. ஊர்த் தலைவர் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பெயிண்டரைக் கூப்பிடட்டும். 'எம் முன்னோர்' என்பதை அழித்துவிட்டு, அட்டையில் உள்ளபடி, தகப்பன் பேரின் முதல் எழுத்தோடு, எழுத்துப்பிழை இல்லாமல் அங்கே எழுதட்டும். நான் போய் எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்ப்பேன்.